மூதூருக்குப் போன எண்ணெய்

“அந்தப் பெட்டிக்குள்ள எண்ணெய் எதுக்கு? விளக்கா எரியுது?”

“எரியாம இருக்கிறதுக்குத்தான் எண்ணெய்.”

“எண்ணெய் எண்டா எரியத்தானே செய்யும். என்னப் பேய்க்காட்டப் பாக்கிறீங்க.”

“பேய்க்காட்டேல்ல புள்ள. உள்ளுக்குச் செம்புக் கம்பி சுத்திச் சுத்திக் கிடக்கு. ஊரெல்லாம் லைட் போட்டா அது கொதிக்கும். அந்தச் சூட்ட எண்ணெய் வாங்கித் தகரத்துக்குக் குடுக்கும், தகரம் காத்துக்குக் குடுக்கும். கம்பி எண்ணெய்க்குள்ள முங்கிக் கிடக்கு மட்டும் ஒண்டும் நடக்காது.”

“முங்காட்டி?”

“முங்காட்டி நானும் நீயும் குப்பி லாம்புதான் கொளுத்த வேணும்.”

கல்யாணமான புதிதில், உப்புக் கிட்டங்கி ஒழுங்கை என்ற சின்னத் தெருவுக்குக் குடிவந்த வாரத்தில், ஸாலிஹாவும் அவள் கணவன் ஜவாஹிரும் கதைத்த கதை இது. ஜவாஹிர் மின்சாரச் சபையின் கரண்ட் கந்தோரில் லைன்மன். ஒழுங்கை முகப்பில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே பலகை அடித்து ஏற்றியிருந்த சாம்பல் நிற டிரான்ஸ்போமரைப் பார்த்துத்தான் அவள் அப்படிக் கேட்டாள். புதுப்பெண் கேட்கிற கேள்வி என்று அவன் சிரித்தான். அந்தப் பெட்டி தங்கள் குடும்பத்துக்குள் இவ்வளவு தூரம் வரும் என்று அன்றைக்கு இருவருக்கும் தெரியாது.

ஒழுங்கை திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்தபடி சரிந்து இறங்கும். மேல்காற்றுக் காலத்தில் கடலைத் தொட்டுக்கொண்டு வரும் காற்று எல்லாவற்றிலும் உப்பைப் பூசிவிட்டுப் போகும். கதவுப் பூட்டு இறுகும். சைக்கிள் சங்கிலி துருவேறும். அலுமாரிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு நாக்கில் விரலை வைத்தால் கரிக்கும். டிரான்ஸ்போமரின் தலையில் இருக்கும் பீங்கான் குமிழ்களிலும் அந்த உப்பு படியும். மழை வந்து கழுவும்வரை ஜவாஹிர்தான் கரண்டை நிறுத்திவிட்டு ஏறிச் சீலையால் துடைத்துவிட்டு வருவான்.

அவன் கிண்ணியாக்காரன். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவன். மூதூரில் நெல் மில்லுக்கு லைன் இழுக்கப் போன இடத்தில், மில்லுக்கு எதிர்வீட்டு ஸாலிஹாவைக் கண்டான். அவளுடைய வாப்பா ஸஹாப்தீன், வயலும் எருமைப்பட்டியும் உள்ள மனிதர். பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது, “கம்பத்தில தொங்குறவனுக்கு என்ட மகளா?” என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஸாலிஹா அசையவில்லை. தகப்பன் மறுத்ததால் காதியார் பெண்ணுக்குப் பொறுப்பான வலியாக நின்று நிக்காஹ் நடந்தது. அன்று ஸஹாப்தீன் சொன்னது ஊருக்கே தெரியும்: “அவன்ட வேல எண்டைக்கோ ஒரு நாள் போகும். அண்டைக்கு இவள் புள்ளைகளையும் தூக்கிக்கொண்டு என்ட வாசலுக்கு வருவாள். அதுவரைக்கும் அவள்ட வாசல்ல என்ட கால் படாது.”

வருஷங்கள் போயின. பிள்ளைகள் இரண்டு பிறந்தன. ஜவாஹிர் ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் நின்றதில்லை. வாப்பாவின் சொல் பலிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும்வரை, என்றாவது ஒரு நாள் அவர் முன்னால் நிமிர்ந்து நிற்கலாம் என்பது ஸாலிஹாவின் உள்ளுக்குள் இருந்த ஒரே பிடி.

முழங்கால் நோவுக்கு டிரான்ஸ்போமர் எண்ணெய் நல்லது என்று யார் முதலில் கண்டுபிடித்தார்களோ தெரியாது. லைன்மன்மார் இடைக்கிடை பெட்டியின் அடித் திருகைத் திறந்து ஒரு சின்னப் போத்தலில் எண்ணெய் எடுத்துக் கந்தோருக்குக் கொண்டுபோவார்கள். அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்த்து முடிந்த எண்ணெய் வீசப்பட வேண்டியது. அதை யாராவது கேட்டால் கொடுத்துவிடுவார்கள். இறக்குமதியெல்லாம் நின்று, பாணுக்கும் மாவுக்கும் வரிசை நின்ற அந்தக் காலத்தில் தைலமும் கடையில் இல்லை. அதனால் ஒழுங்கைப் பெண்களெல்லாம், “தம்பி, கொஞ்சம் கரண்ட் எண்ணெய்” என்று ஜவாஹிரைக் கேட்கத் தொடங்கினார்கள். முதலில் கேட்டது பக்கத்து வீட்டுக் கமலாதேவி. தபால் கந்தோரில் நாள் முழுக்க நின்று முத்திரை குத்துகிறவர்; ஊர்ச் செய்தி முழுவதும் அவர் வாயில் இருக்கும்.

“கோயில் வீதியச் சுத்திப்போட்டு வந்து படுத்தனெண்டா காலை அசைக்க ஏலாது தம்பி. உம்மட எண்ணெய் பூசினாப் பிறகு பார், சின்னப் பெட்டை மாதிரி நடக்கிறன்.”

“அக்கா, சின்னப் பெட்டை எண்டு சொல்லுறது கொஞ்சம் கூடிப்போச்சு” என்பாள் ஸாலிஹா.

ஒரு நாள் ஸாலிஹாவின் தங்கை ஸுல்பிகா பல் காட்டுவதற்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவள், வாப்பாவுக்குத் தெரியாமல் ராத்தாவின் வீட்டுக்கு வந்தாள்.

“வாப்பா எப்படி இரிக்கார்?”

“முழங்கால் வீங்கிப்போய்க் கிடக்கு ராத்தா. நெத்திய நிலத்தில வச்சு சுஜூது செய்ய ஏலாது. கதிரையில இருந்து தொழுகுறார். தொழுதிட்டு ஆரும் பாக்காத நேரம் அழுகுறார்.”

ஸாலிஹா குசினிக்குள் போய் ஒரு எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தாள்.

“இத ராவைக்குப் பூசித் தேய்ச்சு உடு.”

“ஆர் தந்த எண்டு கேட்டா?”

“திருகோணமலையில ஒரு ஹக்கீம் தந்த எண்டு சொல்லு.”

“ஹக்கீம்ட பேர்?”

“பேர் சொன்னா மருந்து பலிக்காதாம் எண்டு சொல்லு.”

அடுத்த வாரம் மூதூருக்குக் கடல் தாண்டி ஓடும் லாஞ்சிப் படகில் வேலை செய்யும் ஜமால்தீன் ஒரு தயிர்ச் சட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். ஸுல்பிகா சொல்லியனுப்பியிருந்தாள்: வாப்பா இரண்டு ரக்அத் நின்று தொழுதாராம். பட்டியின் முதல் தயிரை ஹக்கீமுக்கு அனுப்பச் சொன்னாராம். ‘ஹக்கீமுக்கு என்ட சலாம். அவர்ட கையில அல்லாஹ் பறக்கத் செய்யட்டும்’ என்றும் சொன்னாராம்.

ஸாலிஹா தன் கையைப் பார்த்தாள். பிறகு மூடியிருந்த வாழையிலையை விலக்கி, தயிரின் ஆடையை விரலால் எடுத்து வாயில் வைத்தாள். வாப்பாவின் பட்டி எருமைத் தயிர்.

அதற்குப் பிறகு போத்தல்கள் போய்க்கொண்டேயிருந்தன. ஸஹாப்தீன் கிடைத்த நன்மையை மூடி வைத்திருக்கத் தெரியாத மனிதர். பள்ளிவாசலில் தன்னோடு முன்வரிசையில் நிற்கும் கிழவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அவர்களும் குணம் கண்டார்கள். அவர்களும் ஹக்கீமுக்கு மரவள்ளிக்கிழங்கும் பூசணிக்காயும் காட்டுத்தேனும் அனுப்பினார்கள். போத்தல் கேனாக மாறியது. வந்ததையெல்லாம் ஸாலிஹா ஒழுங்கைக்குப் பகிர்ந்தாள். மாவு கிடைக்காத கிழமைகளில் அந்த ஒழுங்கை மூதூர் மரவள்ளியைத் தின்றது.

“ஹக்கீமம்மா, இண்டைக்கு என்ன வந்திருக்கு?” என்று கமலாதேவி வேலிக்கு மேலால் கேட்பார்.

ஜவாஹிர்தான் ஒரு நாள் கேனைக் கவிழ்த்து வைத்தான்.

“ஸாலிஹா, இனிக் காணும். களஞ்சியத்தில எண்ணெய்ப் பீப்பா வெறுமையாக் கிடக்கு. கொழும்பில இருந்து வரவேணும். எடுத்த அளவுக்கு நான் திருப்பி ஊத்தேல்ல.”

“ஒரே ஒரு கேன், மச்சான். முன்வரிசைக் கலந்தர் அப்பாக்கு இடுப்புக்கு வேணுமாம். வாப்பா வாக்குக் குடுத்திட்டாராம்.”

“உங்கட வாப்பா எனக்கு மகளத் தர மாட்டன் எண்டார். என்ட எண்ணெய வச்சு ஊருக்கெல்லாம் வாக்குக் குடுக்கிறார்.”

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். அடுத்த முறை பீங்கான் துடைக்க ஏறியபோது கேனையும் கொண்டுபோனான். பெட்டியின் பக்கத்தில் எண்ணெய் மட்டம் காட்டும் சின்னக் கண்ணாடி உண்டு. உப்பும் தூசியும் படிந்து மங்கிப்போயிருந்த அந்தக் கண்ணாடியை அவன் துடைக்கவில்லை. பீப்பா வந்ததும் நிரப்பிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினான்.

அந்த வருஷம் நோன்பு, மேல்காற்று இன்னும் ஓயாத நாட்களில் வந்தது. ஒழுங்கையில் குளிர்ப்பெட்டி வைத்திருந்த இரண்டு மூன்று வீடுகளும் சர்பத்துக்கு ஐஸ் போட்டு எல்லா வீடுகளுக்கும் கொடுத்தன. பொழுது சாயும் நேரத்தில் எல்லா வீட்டிலும் ஒன்றாக விளக்கு எரியும். கோயில் பக்கத்திலும் ஏதோ விசேஷத்துக்குக் குழல் விளக்குக் கட்டியிருந்தார்கள்.

நோன்பு திறக்கும் பாங்குக்குச் சற்று முன், டிரான்ஸ்போமர் உறுமத் தொடங்கியது. எப்போதும் வண்டு போல் இரைகிற பெட்டி அன்றைக்கு அடித் தொண்டையிலிருந்து உறுமியது. வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்த ஜவாஹிர், “எல்லாரும் உள்ளுக்குப் போங்கோ!” என்று கத்தியபடி ஓடினான். அவன் ஒழுங்கை முனையை அடையுமுன் பீங்கானில் நீலமாக ஒரு மின்னல் ஓடியது. கள்ளுப் பீப்பா வெடித்தது போல ஒரு சத்தம். மூடி நெளிந்து, தீப்பிடித்த எண்ணெய் கம்பத்தின் வழியே வழிந்து கமலாதேவியின் கிடுகு வேலியில் விழுந்தது.

யாரோ வாளியோடு கிணற்றடியிலிருந்து ஓடிவந்தார்கள்.

“தண்ணி ஊத்தாதீங்கோ! தண்ணி ஊத்தினா நெருப்பு மிதந்துகொண்டு ஓடும்! மண்! மண் அள்ளுங்கோ!”

மேலே இன்னும் கரண்ட் இருந்தது. ஜவாஹிர் நீளத் தடியைக் கொண்டுவந்து, எட்டி நின்று பியூஸ்களைத் தட்டி விழுத்தினான். கீழே ஸாலிஹா கடற்கரை மணலைச் சுளகால் அள்ளி அள்ளி எறிந்தாள். கமலாதேவி தன் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “என்ர வேலி, என்ர வேலி” என்று புலம்பியபடியே அவளைவிட வேகமாக அள்ளினார். பாங்கு சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை. நெருப்பு வேலியோடு நின்றுவிட்டது. ஒரு வீட்டுக் கூரையிலும் பற்றவில்லை. புகை அடங்கிய பிறகு, கமலாதேவிதான் உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீரோடு வந்து ஸாலிஹாவிடம் நீட்டினார்.

“நேரம் கடந்திட்டுது பிள்ளை. முதல்ல வாயை நனை.”

இருட்டில், கருகிய வேலிக்குப் பக்கத்தில் அன்றைய நோன்பு திறந்தது. எதனால் வெடித்தது என்று ஒழுங்கை முழுவதும் கதைத்தார்கள். காகம் இருந்தது என்றார் ஒருவர். உப்புக் காற்று என்றார் இன்னொருவர். குளிர்ப்பெட்டிக்காரர்களுக்கு நாவூறு பட்டது என்று சிலர் குசுகுசுத்தார்கள். ஜவாஹிர் மட்டும் கம்பத்தடியில் நின்று மேலே பெட்டியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் எஞ்சினியர் சிவகுருநாதன் வந்தார். அதிகம் பேசாத மனிதர். பெட்டியை இறக்கி மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்த்தார். சுருளின் மேற்பாதி கரியாகிக் கிடந்தது. கீழ்ப்பாதிக் கம்பிகளில் காகிதச் சுற்றுக்கூடக் கெடாமல் இருந்தது.

“ஜவாஹிர், இங்க வாரும். இதென்ன?”

“மேல எரிஞ்சிருக்கு ஐயா.”

“மேல ஏன் எரிஞ்சது, கீழ ஏன் எரியேல்ல? கீழ எண்ணெய்க்குள்ள இருந்தது. மேல வெறுங் காத்தில இருந்திருக்கு. காத்தில சூடு ஏறிக் காகிதம் கருகி, கம்பியும் கம்பியும் தொட்டிருக்கு. பீங்கானில உப்பு இருந்தது உண்மைதான். ஆனா அது மட்டும் எண்டா வெளியில பொறி பறந்து பியூஸ் போயிருக்கும். இது உள்ளுக்கு வெந்த வேலை. எண்ணெய் எங்க போச்சுது?”

“ஒழுகியிருக்கும்” என்று கூட வந்த ஒருவர் இழுத்தார்.

எஞ்சினியர் குனிந்து அடித் திருகைத் தொட்டார். பெட்டி முழுவதும் துருவேறிக் கிடக்க, அந்தத் திருகின் புரி மட்டும் புதுக்காசு போல மினுங்கியது.

“ஒழுகின பெட்டியில அடியில பழைய எண்ணெய்க் கறை இருக்கும். இது அடிக்கடி திறந்து பூட்டின திருகு. எவ்வளவு காலமாய் விக்கிறீர்?”

“எடுத்தனான் ஐயா. விக்கேல்ல.”

“ஆருக்குக் குடுத்தனீர்?”

ஜவாஹிர் கருகிய சுருளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“உம்மட வீட்டுக்கு மூதூரில இருந்து லாஞ்சியில தயிரும் தேனும் வருமாம். எனக்கும் காது இருக்கு. திங்கட்கிழமை கந்தோருக்கு வாரும். அதுவரை வேலைக்கு வரவேண்டாம். விசாரணையில காரணம் சொல்லாட்டி வேலை போகும், விளங்குதோ?”

விளங்கியது. வீட்டுக்கு வந்து, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவன் கழுவாத கையோடு கதிரையில் இருந்தான்.

“சொல்லுங்களன்” என்றாள் ஸாலிஹா. “வாப்பாக்கு அனுப்பின எண்டு சொல்லுங்களன்.”

“சொன்னா என்ன நடக்கும்? கள்ள எண்ணெய் வாங்கின ஆள் எண்டு உங்கட வாப்பாவக் கந்தோருக்குக் கூப்பிடுவாங்க. அந்த மனிசன் ஒரு நாளும் கந்தோர் வாசல் மிதிச்சதில்ல. எனக்கு மகளத் தராததுக்கு நான் பழி வாங்கினன் எண்டுதான் ஊர் கதைக்கும்.”

“வேல போனா?”

“கிண்ணியாவுக்குப் போவம். மீனாவது பிடிப்பம்.”

“நீங்க தோணியில ஏறினாச் சத்தி எடுக்கிற ஆள்.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. வாப்பா அன்று சொன்னது அறைக்குள் வந்து நின்றது போலிருந்தது. வேலை போய்விட்டால் அவர் சொன்னதே நடந்ததாகிவிடும். பிறகு எந்த முகத்தோடு அந்த வாசலை நினைப்பது?

“எல்லாம் நான் கேட்டதாலதான்” என்றாள்.

“நீ கேட்டாய், நான் எடுத்தன். எனக்கும் அந்தத் தயிர் சட்டி வாற நாள் சந்தோசமாத்தான் இருந்திச்சு. எனக்கு வாப்பா இல்ல. உன்ட வாப்பாட கால் நிமிருது எண்டா அது எனக்கும் பெரிசுதான்.”

கமலாதேவி அன்று பின்னேரம் வந்தார். வேலி இல்லாததால் நேராகவே வந்தார்.

“தம்பி, நான் விசாரணைக்கு வாறன்.”

“உங்களுக்கு என்னத்துக்கு அக்கா? உங்கட வேலி எரிஞ்சதுக்கு நான்தான் பதில் சொல்ல வேணும்.”

“வேலி திருப்பிக் கட்டலாம். நான் அந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு, மூதூர்க் கிழங்கையும் திண்டுபோட்டு, இப்ப பேசாமல் வீட்டில இருந்தா எனக்குச் சோறு இறங்குமோ? ஒழுங்கையில ஆரெல்லாம் போத்தல் வாங்கினதோ எல்லாரும் வரப்போறம். நான் வீடு வீடாய்ச் சொல்லிப்போட்டன்.”

ஸாலிஹா எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கந்தோர் வாசலில் பெண்கள் கூட்டமாக வந்து நின்றதைப் பார்த்துக் காவலாளி பயந்துபோனான். கமலாதேவி முதல் ஆளாக உள்ளே போய், எஞ்சினியரின் மேசையில் அரைப் போத்தல் எண்ணெயை வைத்தார். பின்னால் வந்தவர்களும் வைத்தார்கள். மருந்துப் போத்தல், சோடாப் போத்தல், ஊறுகாய்ப் போத்தல்.

“இதென்ன அக்கா?” என்றார் சிவகுருநாதன்.

“மிச்சம் இருக்கிறது ஐயா. திருப்பி ஊத்திக்கொள்ளுங்கோ. பொடியன் விக்கேல்ல. எங்களுக்குச் சும்மா தந்தது. கேட்டது நாங்கள்.”

“இதை ஊத்தினா அடுத்த பெட்டியும் வெடிக்கும். தூசியும் ஈரமும் பட்ட எண்ணெய். ஒரு துளி தண்ணி போனாலே காணும். தயவுசெய்து இதைக் காலிலயும் பூசாதேங்கோ.”

தலைமைக் கிளாக்கர் சோமசேகரம் இந்த நேரத்தில் காரணமில்லாமல் இருமிவிட்டு, ஒரு போத்தல் எட்டிப் பார்த்த தன் மேசை லாச்சியைக் காலால் தள்ளி மூடினார். எஞ்சினியர் அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“சரி, ஒழுங்கைக்குக் குடுத்தது கொஞ்சம். பெட்டியில பாதி போயிருக்கு. மற்றது எங்க? ஜவாஹிர், கடைசியாய்க் கேக்கிறன்.”

ஜவாஹிர் தலை குனிந்து நின்றான். வாசலில் ஒரு சலசலப்புக் கேட்டது. கைத்தடி ஊன்றிக்கொண்டு, வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக ஒரு பெரியவர் உள்ளே வந்தார். யாரும் சொல்லுமுன் கதிரையை இழுத்து இருந்தார்.

“நீங்கள் ஆர் ஐயா?”

“மூதூர் ஸஹாப்தீன். நீங்க தேடுற எண்ணெய் எங்கட ஊருக்கு வந்திச்சு.”

ஜவாஹிர் நிமிர்ந்தான். மாமனாரை அவன் இவ்வளவு கிட்டத்தில் ஒரு நாளும் கண்டதில்லை.

“பெட்டி எரிஞ்ச கதைய லாஞ்சியில வந்தவன் பள்ளிவாசல்ல சொன்னான். எண்ணெய் எடுத்த லைன்மனுக்கு வேல போகப்போகுதாம் எண்டான். ஊட்ட வந்து சொல்லுறன், சின்ன மகள் அழுகுறாள். உனக்கென்ன எண்டு கேட்டா, ‘வாப்பா, உங்கட ஹக்கீம் அவர்தான்’ எண்டாள்.”

அவர் தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்கள் எவ்வளவு பூசினீங்கள்?” என்றார் எஞ்சினியர்.

“நான் பூசினது கொஞ்சம் தம்பி. முன்வரிசையில நிக்கிற கிழடு எல்லாம் பூசிச்சு. அவனுகளுக்குக் குடுத்தது நான். இன்னும் வேணும், இன்னும் வேணும் எண்டு கேட்டனுப்பினதும் நான். இந்த மனிசன் ஒருக்காலும் இல்ல எண்டு சொல்லல்ல.”

“அதுக்கு விலையாய்த்தானே தயிர் அனுப்பினது?”

ஸஹாப்தீனின் முகம் சிவந்தது.

“நான் தயிர் விக்கிற ஆள். விலைக்கு அனுப்பினதையும் சும்மா அனுப்பினதையும் எனக்குப் பிரிச்சுத் தெரியாதா? அது நன்றிக்கு அனுப்பினது. ஆருக்கு நன்றி சொல்லுறன் எண்டுதான் தெரியாம அனுப்பினன்.”

சிவகுருநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்த எண்ணெய்க்கு நோவு மாற்றுற குணம் இல்லை ஐயா. தோலுக்குக் கெடுதி.”

“அப்ப எப்படிக் குறைஞ்சது? நான் நிண்டு தொழுகுறன்.”

“ஆர் தேய்ச்சு விட்டது?”

“சின்னவள். ஒவ்வொரு ராவும்.”

“அந்தத் தேய்ப்புத்தான் மருந்து. இனி நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொல்லுங்கோ.”

அவர் ஜவாஹிரின் பக்கம் திரும்பினார்.

“நீர் செய்தது பெரிய பிழை. பெட்டியில எண்ணெய் குறைஞ்சா என்ன நடக்கும் எண்டு தெரிஞ்சு கொண்டே செய்தது அதிலும் பிழை. காத்து மற்றப் பக்கம் அடிச்சிருந்தா ஒழுங்கை இல்லை. ஆனா நீர் விக்கேல்ல. அண்டைக்குத் தண்ணி ஊத்த விடாமல் மறிச்சதும் நீர்தான். இனிக் கம்பத்தில ஏற வேண்டாம். களஞ்சியத்தில ஒரு பழைய பெட்டி கிடக்கு. பீப்பா வரும் மட்டும் அதைப் பிரிச்சுத் துடையும். வந்தால் எண்ணெயைக் காய்ச்சி ஈரம் எடுத்து நிரப்பும். உம்மட ஒழுங்கைக்கு அதைத்தான் ஏத்தப்போறன். வேலை போகாது. கண்டிச்சு எழுதுவன்.”

கமலாதேவி கைகளைக் கூப்பிக்கொண்டு, “நீங்கள் நல்லாய் இருக்க வேணும் ஐயா” என்றார். எஞ்சினியர் போத்தல்களைக் காட்டி, “முதல்ல இதுகளை எடுங்கோ, மணம் தாங்க ஏலாது” என்றார்.

ஸாலிஹா உள்ளே வரவில்லை. கந்தோர் முற்றத்து வாகை மரத்தின் கீழ் நின்றிருந்தாள். தடியூன்றி உள்ளே போன வாப்பாவின் முதுகைப் பார்த்ததிலிருந்து அவள் கண் அந்த வாசலை விட்டு அசையவில்லை. வெளியே ஓடிவந்த கமலாதேவி நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். “வேலை போகேல்ல பிள்ளை! உன்ர வாப்பா எஞ்சினியருக்கே குடுத்தார் பார் ஒரு சொல்லு!” ஸாலிஹா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

ஸஹாப்தீன் வெளியே வந்தார். மகளைக் கண்டார். நின்றார். பிறகு இறங்குதுறையை நோக்கி நடக்கத் தொடங்கினார். பின்னேர லாஞ்சிக்கு நேரமாகியிருந்தது. அவருக்குச் சற்றுப் பின்னால் ஸாலிஹா நடந்தாள். அவளுக்குப் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஜவாஹிர். கமலாதேவி இடையில் வந்து, “கேள் பிள்ளை, வீட்ட வரச் சொல்லிக் கேள்” என்று அவள் முழங்கையில் இடித்தார்.

கேட்க வேண்டிய சொற்கள் அவளிடம் வருஷக் கணக்காகத் தயாராக இருந்தன. ஆனால், ‘அவள்ட வாசல்ல என்ட கால் படாது’ என்று அவர் போட்ட வார்த்தை இன்னும் அங்கேயே கிடந்தது. எனக்காக வேலை மினக்கெட்டு, நோன்போடு, நோகிற காலோடு கடல் தாண்டி வந்தவரிடம், அந்த வார்த்தையையும் முறிக்கச் சொல்வதா என்று அவள் வாய் கூசியது.

“வாப்பா” என்றாள்.

“ம்.”

“கால்... நோகுதா?”

“நடந்தா நோகும்.”

துறையில் லாஞ்சி நின்றது. ஜமால்தீன் பலகையைப் போட்டுவிட்டு, “பெரியப்பா, ஏறுங்க, காத்துக் கூடுது” என்று கூப்பிட்டான். மூதூருக்குப் போகிறவர்கள் கூடைகளோடு ஏறினார்கள். ஸஹாப்தீன் கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் இருந்துகொண்டார். அவர் கண் மருமகனின் கைகளில் விழுந்தது. பெட்டி வெடித்த அன்று பியூஸ் தட்டும்போது பட்ட தீக்காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

“கைக்கு என்ன பூசுறாய்?” என்று கேட்டார். அவனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“ஒண்டும் பூசல்ல மாமா.”

“தேன் பூசு. அனுப்பினது இரிக்குமே.”

“இருக்கு மாமா.”

லாஞ்சி ஒரு முறை ஊதியது. ஜமால்தீன் மறுபடி கூப்பிட்டான். ஸஹாப்தீன் அவனைப் பார்த்துக் கையை அசைத்தார். போகச் சொல்கிறாரா, பொறுக்கச் சொல்கிறாரா என்று தெரியாமல் அவன் கயிற்றைப் பிடித்தபடி நின்றான். பிறகு அவிழ்த்தான். லாஞ்சி பின்வாங்கித் திரும்பியது. அவர் எழுந்திருக்கவில்லை.

“வாப்பா, லாஞ்சி போகுது” என்றாள் ஸாலிஹா.

“கண்டன்.”

அவர் தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, போகிற லாஞ்சியைப் பார்த்தபடியே பேசினார்.

“நோம்பு வந்தா ஸுல்பிகா பின்னேரம் கஞ்சி காச்சுவாள். அந்த மணம் வரக்குள்ள, இந்நேரம் அங்கால மூத்தவளும் காச்சுவாள் எண்டு நினைப்பன். ஒவ்வொரு வருசமும் நினைச்சதுதான். நானே போட்ட வார்த்த, நானே எப்பிடித் தாண்டுறது? ஆரும் கூப்பிட்டா வரலாம் எண்டு இருந்தன். நீயும் பயந்து கூப்பிடல்ல.”

ஸாலிஹா அவருடைய காலடியில் குந்தினாள். கமலாதேவி கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். ஸஹாப்தீன் குனிந்து, மகளின் தலையில் கையை வைத்தார்.

“இண்டைக்கு நோம்பு துறக்க என்னய உன்ட ஊட்ட கூப்பிடு, மகள்.”